வலப்பக்கம் சுற்றும் காவடி

அன்று எங்கள் வீட்டு மாடி அறையில் இருந்தவர்கள் இவர்கள்தான்: கஜபதியாகிய நான், என் மருமகள் தமிழ்செல்வி, அவள் மகளும் என் பேத்தியுமான கவிப்பிரியா, கவிப்பிரியாவோடு சென்னையில் அனிமேஷன் படிக்கும் இளம்பரிதி, பத்மப்ரியா என்ற இரண்டு பிள்ளைகள், கடைசியாக, யாரும் கூப்பிடாமல் வந்து உட்கார்ந்த என் பங்காளி பங்காரு. என் மகன் அரக்கோணத்தில் ரயில்வே வேலையில் இருந்தான், அவன் பார்க்கவில்லை. நான் ஊர்ப் பஞ்சாயத்துகளில் பேசிப் பழகியவன். யார் யார் இருந்தார்கள் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் பிற்பாடு சாட்சிகள் பெருகமாட்டார்கள்.

எங்களுக்கு நிலம் கே.ஜி.கண்டிகையில், வீடு திருத்தணியில். ஆடிக் கிருத்திகைக்கு எங்கள் வீட்டிலிருந்து ஒரு மலர்க்காவடி மலையேறும். பங்காரு வீட்டிலிருந்தும் ஒன்று ஏறும். இரண்டு வீட்டாரும் ஒரே கொள்ளுத்தாத்தாவின் வாரிசுகள். விரதம் ஒன்று, பம்பைக்காரர்கள்கூட ஒரே ஆட்கள். ஆட்டம் மட்டும் வேறு. எங்கள் வீட்டுக் காவடி வலத்தோளில் அமரும். பம்பை அடி மாறும்போது நாங்கள் வலப்பக்கமாகச் சுற்றுவோம். அவர்கள் இடத்தோளில் தூக்கி இடப்பக்கமாகச் சுற்றுவார்கள்.

இதற்குக் காரணம் உண்டு. பங்காருவின் தாத்தாவுக்கு ஒரு வருஷம் வலத்தோளில் கட்டி வந்தது. பாவம், இடத்தோளில் தூக்கினார். கட்டி ஆறிவிட்டது, பழக்கம் ஆறவில்லை. அவர் பிள்ளைகள் அதையே பரம்பரை வழக்கம் என்று சொல்லிக்கொண்டார்கள். பங்காரு சொல்லும் கதையில் கட்டி வந்தது என் தாத்தாவுக்கு. அதைப் பற்றி நான் எதுவும் சொல்ல விரும்பவில்லை.

இந்த வருஷம் பொங்கலுக்கு வந்திருந்தபோது கவிப்பிரியா என்னிடம் மெல்ல வந்து உட்கார்ந்தாள்.

"தாத்தா, நாங்க மூணு பேர் சேந்து ஒரு படம் பண்றோம். நாலு நிமிஷம். கடைசி வருஷத்துக்கு அதுதான் மார்க்கு."

"என்ன படம்?"

"காவடி எடுக்கிற ஒருத்தரோட கதை. மலை உச்சிக்குப் போய்ச் சேந்துட்டார். ஆனா ஆட்டத்த நிறுத்த முடியல. பம்பைக்காரர் காபி குடிக்கப் போயிட்டார், அப்பவும் இவர் ஆடிகினே இருக்கார்."

"கார்ட்டூனா?"

"அனிமேஷன் தாத்தா."

"காவடியைக் கார்ட்டூன் ஆக்கக் கூடாது."

"அதனாலதான் உங்களக் கேக்கறேன். நெட்ல எவனோ ஆடறதப் பாத்து வரைஞ்சா எவன் ஆட்டமோ வந்துடும். சின்ன தாத்தா வூட்டு ஆட்டம்கூட வந்துடலாம்."

இந்தப் பெண்ணைச் சட்டம் படிக்க வைத்திருக்க வேண்டும்.

வேலை எப்படி நடக்கும் என்று கேட்டேன். ஆடுகிறவரைப் போனில் படம் பிடித்து, அந்த ஓட்டத்தைத் துண்டு துண்டாக நிறுத்தி, ஒவ்வொரு துண்டையும் பார்த்துப் பார்த்து வரைவார்களாம். கதை கவிப்பிரியாவுடையது. உடம்பின் அசைவை இளம்பரிதி வரைவான். நிறமும் வெயிலும் நிழலும் பத்மப்ரியா. மூவரும் ஆளுக்கொரு இடத்தில் உட்கார்ந்துகொண்டு ஒருவர் வரைந்ததை இன்னொருவருக்கு அனுப்பிக்கொள்வார்கள்.

நான் யோசித்துப் பார்த்தேன். ஆட்டம் என்பது ஆடி முடித்ததும் காற்றோடு போய்விடுகிற விஷயம். யார் எந்தப் பக்கம் சுற்றினார் என்று இருபது வருஷம் கழித்துக் கேட்டால் வாய்ச்சண்டைதான் மிஞ்சும். படமாகிவிட்டால் அதுவே சாட்சி. நாளை எங்கள் வீட்டுப் பிள்ளைகளின் பிள்ளைகள் அதைப் பார்த்துத்தான் சுற்றுவார்கள். எங்கள் வீட்டு ஆட்டம் வலப்பக்கம் என்பது ஒரு முறை சரியாகப் பதிந்துவிட்டால் போதும். ஒப்புக்கொண்டேன்.

நிபந்தனைகள் சொன்னேன். வேட்டி முழங்காலுக்கு மேல் ஏறக் கூடாது. இடுப்பு ஆடக் கூடாது. மீசையைக் குறைக்கக் கூடாது. எனக்குக் காட்டாமல் படம் வெளியே போகக் கூடாது. விரதம் இல்லாமல் நான் காவடியைத் தொடமாட்டேன், அதனால் துணி உலர்த்தும் அலுமினியக் கம்பியைத் தோளில் வைத்துக்கொண்டு ஆடுவேன். அதை யாரும் பார்க்கக் கூடாது.

"யாரும் பாக்கலன்னா யார் தாத்தா வீடியோ எடுக்கறது?"

"போனை வைத்துவிட்டுக் கீழே போ. திரை என் பக்கம் இருக்கட்டும். வேட்டி ஒழுங்காக இருக்கிறதா என்று எனக்குத் தெரிய வேண்டும்."

அவள் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் மேல் போனைச் சாய்த்து வைத்துவிட்டு இறங்கிப் போனாள். காலை வெயில். எதிரே மலை. நான் ஆடினேன். பம்பை இல்லாததால் தாளத்தை வாயாலேயே போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. அந்தச் சத்தத்தை அழித்துவிட வேண்டும் என்பது இறங்கிவந்ததும் நான் சொன்ன கடைசி நிபந்தனை. ஆங், ஆங் என்று தலையாட்டினாள்.

சித்திரை முடிந்து, படம் ஏறக்குறையத் தயாரான பிறகு மூவரும் சென்னையிலிருந்து ரயிலேறி வந்தார்கள். மறு வாரம் கல்லூரியில் கொடுத்தாக வேண்டும். இன்னும் ஒரு குறை இருந்தது. நிற்காமல் ஆடுகிறவர் கடைசியில் எப்படி நிற்கிறார் என்பது அவர்களுக்கே தெரியவில்லை. அதைப் பற்றி ரயிலிலும் சண்டை, எங்கள் வாசற்படியிலும் சண்டை.

"மயங்கி வுழட்டும், முடிஞ்சுது" என்றான் இளம்பரிதி.

"என் தாத்தா மயங்கி வுழமாட்டார்" என்றாள் கவிப்பிரியா. அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது.

தமிழ்செல்வி எல்லோருக்கும் காபி கொடுத்தாள். மாடி அறைத் தொலைக்காட்சியில் லேப்டாப்பைச் சொருகினார்கள். படம் ஆரம்பிக்கப் போகும் நேரத்தில் படியில் செருப்புச் சத்தம். பங்காரு, கையில் தாம்பூலத் தட்டோடு. பேரனுக்குக் காதுகுத்து என்று சொல்ல வந்தாராம். தட்டோடு வந்தவரை வாசலில் நிறுத்த முடியாது. அவருக்கும் காபி வந்தது.

"இன்னாண்ணா, டிவியில இன்னா ஓடுது?" என்றார். என்னைவிடச் சில மாதங்களே இளையவர். அண்ணா என்று அவர் கூப்பிடும்போதெல்லாம் அதில் வேறு ஏதோ இருக்கும்.

"பிள்ளைகள் படம் எடுத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டு ஆட்டம்" என்றேன். எங்கள் என்பதைக் கொஞ்சம் அழுத்தித்தான் சொன்னேன்.

படம் ஓடியது. உண்மையைச் சொன்னால், அழகாக இருந்தது. மலைப்படிகளில் வெயில் இறங்கும் விதத்தைப் பத்மப்ரியா கவனித்திருந்தாள். கூட்டம், மஞ்சள் வேட்டிகள், மொட்டைத் தலைகள். நடுவே ஒரு பெரியவர், நிமிர்ந்த முதுகு, நேர் மீசை, இடுப்பு அசையாத ஆட்டம். வேட்டி இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. என் மார்பு சற்று விரிந்ததை நான் மறுக்கவில்லை.

பிறகு பம்பை அடி மாறியது. அந்தப் பெரியவர் இடப்பக்கமாகச் சுற்றினார்.

காவடி இடத்தோளில் இருந்தது. முகத்தையும் மீசையையுமே பார்த்துக்கொண்டிருந்ததில் அதுவரை தோளை நான் கவனிக்கவில்லை.

பங்காரு காபி டம்ளரைக் கீழே வைத்தார். மெதுவாக, சத்தம் வராமல் வைத்தார்.

"அண்ணா" என்றார். "நம்ம வூட்டு ஆட்டத்த எப்போ கத்துகினே?"

"நிறுத்து" என்றேன் இளம்பரிதியிடம். "ஏன் மாற்றி வரைந்தாய்?"

"நான் எதையும் மாத்தல தாத்தா. உங்க வீடியோவுல இருந்ததத்தான் வரைஞ்சேன். நகத்தக்கூட மாத்தல."

"வீடியோவைப் போடு."

போட்டான். மொட்டைமாடி, காலை வெயில், தோளில் அலுமினியக் கம்பியோடு நான். வாயால் நான் போட்ட தாளமும் அழியாமல் முழுசாகக் கேட்டது. டண்டணக்க டணக்க என்று என் குரல் அறை முழுக்க ஓடியது. பங்காருவின் தோள்கள் குலுங்கின. தமிழ்செல்வி டம்ளர்களை எடுக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதையெல்லாம் நான் பொருட்படுத்தவில்லை. நான் பார்த்தது ஒன்றைத்தான். அந்த வீடியோவில் நான் இடத்தோளில் கம்பியை வைத்திருந்தேன். இடப்பக்கமாகத்தான் சுற்றினேன்.

"வயசாச்சுன்னா அப்படித்தாண்ணா" என்றார் பங்காரு, மிகவும் இரக்கமாக. "ரத்தம் பழைய வழக்கத்த ஞாபகம் வச்சிகினு இருக்கும். மனுசன் மறந்தாலும் தோளு மறக்காது."

"நான் வலப்பக்கம்தான் சுற்றினேன்."

"டிவியிலே காட்டுதே."

"இந்தப் பங்காரு நைனாவுக்கு யாராவது சொல்லுங்கள், நான் வலப்பக்கம்தான் சுற்றினேன்."

யாரால் சொல்ல முடியும்? நான் ஆடியபோது அவர்கள் யாரும் மொட்டைமாடியில் இல்லையே. யாரும் பார்க்கக் கூடாது என்று அனுப்பியிருந்தேன்.

அப்போதுதான் வீடியோவில் என் கைக்கடிகாரம் கண்ணில் பட்டது. அது வலக்கையில் இருந்தது. நான் பிறந்ததிலிருந்து இடக்கையில் கட்டுகிறவன். எழுந்து போய்த் திரையில் விரலை வைத்துக் காட்டினேன்.

"இது என்ன?"

கவிப்பிரியா திரையைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள், மறுபடியும் திரையைப் பார்த்தாள். முகம் சிவந்துவிட்டது.

"தாத்தா, திரை உங்க பக்கம் இருக்கணும்னு சொன்னீங்க இல்ல. அதனால முன்பக்கக் கேமராவுல எடுத்தேன். செல்பி எடுக்கிறது. என் போன்ல அது கண்ணாடியில பாக்கற மாதிரி திருப்பித்தான் பதியும். நான் அத யோசிக்கவே இல்ல."

ஆக, குற்றம் போனுடையது. இதை அங்கேயே சொன்னேன், இங்கேயும் சொல்கிறேன். வேட்டி ஒழுங்காக இருக்கிறதா என்று ஒரு மனிதன் பார்க்க விரும்புவதில் தவறில்லை.

"சரி, இப்போது திருப்பிவிடு" என்றேன்.

இளம்பரிதி சிரித்தான். "ஒரு பட்டன் தாத்தா. மொத்தத்தையும் திருப்பிடலாம்."

"மொத்தத்தையும் திருப்பினா கோபுரம் திரும்பும், கடை போர்டெல்லாம் வலது இடதா மாறி வரும்" என்றாள் கவிப்பிரியா.

"அப்போ ஆள மட்டும் திருப்பறேன்."

"ஆள மட்டும் திருப்புவியா?" பத்மப்ரியா அதுவரை வாயைத் திறக்காத பெண். "படிக்கு வெயில் ஒரு பக்கம் அடிக்கும், அவர் மேல மட்டும் இன்னொரு பக்கம் அடிக்குமா? அவருக்குன்னு தனியா ஒரு சூரியன் வச்சிருக்கியா? ஒவ்வொரு படத்துக்கும் நிழல் போட்டது நானு. நீ ஒரு பட்டன் அமுக்கிட்டு டீ குடிக்கப் போயிடுவே."

"பெயிண்ட் அடிக்கிறதுக்கு இவ்ளோ அலட்டலா?"

"குச்சி மாதிரி காலு வரைஞ்சிட்டு நீ பேசாதே. அந்தக் காலுக்கு நான்தான் உயிர் குடுத்தேன்."

"என் காலையா குச்சி என்கிறாய்?" என்று நான் கேட்க வேண்டியதாயிற்று.

இந்தக் கலவரத்தில் பங்காரு கையை உயர்த்தினார், பஞ்சாயத்தில் உயர்த்துவதுபோல. "எதையும் திருப்பக் கூடாது. பதிஞ்சது பதிஞ்சதுதான். சாமியே திருப்பிக் காட்டிகீது. நடுவுல நீங்க யாரு?"

"அது சாமி இல்லை. போன்."

"போனுக்குள்ள சாமி வரமாட்டாரா?"

இனிப் பேசிப் பயனில்லை என்று தெரிந்தது. பின்பக்கக் கேமராவில், ஐந்து பேர் முன்னிலையில், எங்கள் வீட்டு ஆட்டத்தை நான் ஆடிக் காட்டியாக வேண்டும். அறை மூலையில் ஒட்டடைக்கம்பு இருந்தது. அதை எடுத்து வலத்தோளில் வைத்தேன்.

"இளம்பரிதி, போனை எடு. பின்பக்கத்தில் எடு. எழுத்து ஏதாவது தெரிகிற மாதிரி எடு. நாளைக்கு யாரும் எதுவும் பேசக் கூடாது."

அவன் சுவர்க் காலண்டர் தெரியும்படி நின்றுகொண்டான். நான் தயாரானேன். பார்த்தால் பங்காரு வராந்தாவிலிருந்து தரை துடைக்கும் மாப்பை எடுத்துக்கொண்டு வந்து என் வலப்பக்கத்தில் நிற்கிறார். இடத்தோளில் மாப்பு.

"நீ எதுக்கு?"

"நீ மட்டும் ஆடினா உன் ஆட்டம்தானே பதியும்? எது அழகுன்னு புள்ளைங்களும் பாக்கட்டும்."

தாளம் யார் போடுவது என்ற கேள்வி வந்தது. கவிப்பிரியா யோசிக்காமல் அந்தப் பழைய வீடியோவையே தட்டிவிட்டாள். டணக்க டணக்க. என் குரலுக்கே நான் ஆட வேண்டியதாயிற்று. அதைவிட, என் குரலுக்குப் பங்காரு ஆடினார். தாளம் சரியாகத்தான் இருந்தது என்பதற்கு அதைவிட வேறு அத்தாட்சி வேண்டியதில்லை.

பங்காருவைப் பற்றி நான் எப்போதும் நியாயமாகவே பேசுவேன். நன்றாக ஆடினார். தொப்பை ஒரு பக்கம் போனால் அவர் இன்னொரு பக்கம் போனார், இருந்தாலும் கால் தப்பவில்லை. நான் எப்படி ஆடினேன் என்பதை மற்றவர்கள் சொல்ல வேண்டும். பிறகு அடி மாறியது. எங்கள் வழக்கப்படி நான் வலப்பக்கம் சுற்றினேன். அவர்கள் வழக்கப்படி அவர் இடப்பக்கம் சுற்றினார். அவர் என் வலப்பக்கத்தில் நின்றிருந்தார். நான் அவருக்கு இடப்பக்கத்தில் நின்றிருந்தேன்.

ஒட்டடைக்கம்பின் தலை மாப்பின் நூல்களுக்குள் போய் நன்றாகச் சிக்கிக்கொண்டது. நான் இழுத்தேன். அவரும் இழுத்தார். இழுக்க இழுக்க இறுகியது. மூக்கும் மூக்கும் இடிக்கிற தூரத்தில் இருவரும் நின்றோம். ஒட்டடை அவர் தலையில் உதிர்ந்தது. மாப்புத் தண்ணீர் என் சட்டையில் சொட்டியது. இரண்டு பேரும் ஒரே சமயத்தில் நின்றுபோனோம். வீடியோவில் என் குரல் மட்டும் டணக்க டணக்க என்று போய்க்கொண்டிருந்தது.

"விடுண்ணா."

"நீ விடு."

"நீதான் மேல வந்து வுழுந்தே."

"நான் என் பக்கம் சுற்றினேன்."

"நானும் என் பக்கம்தான் சுத்தினேன்."

"தாத்தா, அப்படியே இருங்க" என்றான் இளம்பரிதி. குரல் வேறு மாதிரி இருந்தது. "ரெண்டு பேரும் அசையாதீங்க. கவி, பாத்தியா? இதுதான். இவர் இப்படித்தான் நிக்கறார்."

"ரெண்டு பேர்" என்றாள் கவிப்பிரியா. "எதிர்த்தாப்பல இன்னொருத்தர் வரார். ரெண்டு பேராலயும் நிறுத்த முடியல. உச்சியில வந்து மாட்டிக்கறாங்க."

பத்மப்ரியா எங்களையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு பெருமூச்சு விட்டாள். "அப்போ இருக்கறவர் இருக்கட்டும். அவருக்கு வெயில் சரியா இருக்கு. திருப்பின ஆளுக்கு மட்டும் நான் புதுசா நிழல் போடறேன். எனக்கு ஒரு வாரம் தூக்கம் இல்ல, எல்லாரும் ஞாபகம் வச்சிக்கோங்க."

அதாவது, ஏற்கெனவே வரைந்து வைத்திருந்த இடப்பக்க ஆள் பங்காரு வீட்டுக் காவடியாக இருப்பார். அவரைத் திருப்பிப் போட்டு எங்கள் வீட்டுக் காவடியை உண்டாக்குவார்கள். கணக்கு சரியாகத்தான் வந்தது. ஆனால் பங்காரு மாப்பை விட்டுவிட்டுத் தொலைக்காட்சிக்கு அருகில் போய்ப் பார்த்தார்.

"இது அண்ணன் மூஞ்சி."

"ஆமா."

"எங்க வூட்டுக் காவடிய அண்ணன் மூஞ்சி தூக்கறதா? எங்க ஜனம் பாத்தா நான் இன்னா பதில் சொல்றது?"

முதல்முறையாக அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. என் முகம் இடத்தோளில் காவடி தூக்குவதை நானும் ஏற்க முடியாது. இருவரும் ஒரே பக்கம் பேசுவது பிள்ளைகளுக்கு வியப்பாக இருந்திருக்கும். முடிவில், இடப்பக்க ஆளின் மீசையை எடுத்துவிட்டுப் பங்காருவின் முகத்தை வைப்பது என்று தீர்மானமானது. இளம்பரிதி அங்கேயே உட்கார்ந்து வரைந்து காட்டினான்.

"தொப்பை எதுக்குப்பா?" என்றார் பங்காரு.

"ரெஃபரன்ஸ் வீடியோவுல இருக்குது தாத்தா."

"உள்ளதை உள்ளபடி வரைய வேண்டும்" என்று நான் பையனுக்கு ஆதரவாகப் பேசினேன்.

கடைசியில் தமிழ்செல்விதான் கத்தரிக்கோல் கொண்டுவந்து மாப்பு நூலை வெட்டிக் கம்பைப் பிரித்தாள். "மாமா, புது மாப்பு வாங்கணும்" என்று மட்டும் சொன்னாள்.

கல்லூரியில் படம் காட்டிய அன்று கரை வேட்டி கட்டிக்கொண்டு போயிருந்தேன். பங்காருவும் வந்திருந்தார், வேறு வரிசையில் உட்கார்ந்தார். படத்தில் மலைக்கு இரண்டு பக்கமிருந்தும் இரண்டு பேர் ஆடிக்கொண்டு ஏறுகிறார்கள். எங்கள் வீட்டார் வலத்தோள், வலப்பக்கம், கோணல் இல்லாத சுற்று. கண்ணை இமைக்காமல் பார்த்தேன், ஒரு இடத்திலும் தப்பவில்லை. உச்சியில் இரண்டு காவடிகளின் பூச்சரங்களும் பின்னிக்கொள்ள, இருவரும் மூக்கோடு மூக்காக நின்று முறைக்கிறார்கள். காபி குடித்துவிட்டு வந்த பம்பைக்காரர் இருவரையும் பார்த்துவிட்டு, மறுபடியும் காபிக்கே திரும்பிப் போகிறார். அரங்கம் சிரித்தது. கை தட்டியது. சிரிக்கிற இடமா அது என்று எனக்குத் தெரியவில்லை, ஆனாலும் மார்க்கு நன்றாக வந்தது.

மேடையில் ஒரு பேராசிரியர் கேட்டார், இந்த இரண்டு ஆட்டத்தில் எது சரியான ஆட்டம் என்று. கவிப்பிரியா மைக்கைப் பிடித்துக்கொண்டு முதலில் என்னைப் பார்த்தாள், பிறகு பங்காருவைப் பார்த்தாள். "அவங்க அவங்க வூட்ல அவங்க அவங்களது சார்" என்றாள். அதை வீட்டில் பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

எங்கள் வீட்டுச் சுற்று வலப்பக்கம் என்பது இப்போது படத்தில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம். எழுத்துகள் நேராக இருக்கின்றனவா என்றும் பார்த்துக்கொள்ளலாம்.

படத்தை ஊரில் போனுக்குப் போன் அனுப்பியதிலிருந்து பஸ் ஸ்டாண்டு டீக்கடைகளில் ஒரு பேச்சு நடக்கிறது. கஜபதியும் பங்காருவும் பழையதை மறந்து கட்டித் தழுவிக்கொண்டார்கள், அதைத்தான் பிள்ளைகள் படமாக்கினார்கள், வருகிற ஆடிக் கிருத்திகைக்கு இரண்டு காவடியும் ஒன்றாகவே மலையேறும் என்கிறார்கள். யாரும் யாரையும் தழுவவில்லை. ஒட்டடைக்கம்பு மாப்பில் சிக்கியது. காவடிகள் தனித்தனியாகத்தான் போகும்.